அண்ணனுக்கு அப்பா முன்பே வீடு எழுதிக் கொடுத்துவிட்டார். மிச்சச் சொத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் காலமானார். உயில் எதுவும் இல்லை. அம்மாவுக்கு 79 வயது, அண்ணன் வீட்டில் இருக்கிறார். நாங்கள் அண்ணன், நான், தங்கை என்று மூன்று பேர். எனக்கு 1988-லும் தங்கைக்கு 1994-லும் கல்யாணம் ஆனது. அப்பா தன் சம்பளத்தில் 1984-ல் கட்டிய வீட்டை 2011-ல் அண்ணன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். அது எங்களுக்குத் தெரியும். தாத்தா வழியில் வந்த 4 ஏக்கர் நஞ்சையில் 2 ஏக்கரை 2016-ல் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இது அப்பா போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தச் சமயத்தில் அவர் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். வீடு இன்றைக்கு 60 லட்சம் போகும். மிச்சம் இருப்பது 2 ஏக்கர் நிலம், அப்பா வாங்கிப் போட்ட மனை (54 லட்சம் மதிப்பு), வங்கியில் 18 லட்சம். வங்கியில் அண்ணன்தான் நாமினி. 'எனக்கு அப்பா பிரியப்பட்டுக் கொடுத்தது வேறு, மிச்சத்திலும் சம பங்கு உண்டு. உங்களுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாகிவிட்டதே' என்கிறார் அண்ணன். ஏற்கெனவே இவ்வளவு வாங்கியவருக்கு மிச்சத்தில் பங்கு கிடையாது என்று நாங்கள் சொல்ல முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டைக் காரணம் காட்டி, மனையிலும் வங்கிப் பணத்திலும் அண்ணனுக்குப் பங்கில்லை என்று சட்டப்படி சொல்ல முடியாது. நிலத்தின் கதை வேறு. அதில் உங்களுக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே உரிமை இருக்கலாம். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுப் பேசுவதால்தான் உங்கள் வீட்டில் பேச்சு முன்னே நகரவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டை முதலில் பார்ப்போம். அப்பா தன் சம்பளத்தில் கட்டியது, அதாவது சுயசம்பாத்தியச் சொத்து. அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. பிள்ளைகளைக் கேட்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2011-ல் பத்திரம் பதிவாகி, அண்ணன் அதை ஏற்றுக்கொண்ட அன்றே அந்த வீடு அப்பாவின் சொத்துக் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது. அவர் இறந்த அன்று அவர் பெயரில் என்ன இருந்ததோ அதைத்தான் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடியும்.

'சரி, பிரிக்கும்போது அண்ணன் வாங்கியதைக் கழித்துக்கொள்ளலாமே' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில நாட்டுச் சட்டங்களில் அப்படி ஒரு முறை இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது கொடுத்ததையும் கணக்கில் சேர்த்து, மொத்தத்தைப் பங்கிட்டு, வாங்கியவருடைய பங்கில் அதைக் கழிப்பார்கள். நம்முடைய இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அதற்குப் பிரிவே கிடையாது. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போய், பெற்றவர் தன் வாழ்நாளில் பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கு கணக்கிடும்போது சேர்க்கக் கூடாது என்று 49-ஆம் பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆகவே மனையும் வங்கிப் பணமும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை என்று ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. (அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் அது இருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன்.) நீங்கள் சொன்ன மதிப்புப்படி மொத்தம் 72 லட்சம், ஆளுக்கு 18 லட்சம்.

வங்கியில் அண்ணன் நாமினி என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கும் அதிகாரம் உள்ளவர், அவ்வளவுதான். பணத்துக்குச் சொந்தக்காரர்கள் வாரிசுகளே. காப்பீட்டுப் பணம் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983-லேயே இதைச் சொன்னது. அண்ணன் ஏற்கெனவே எடுத்திருந்தாலும் நாலு பேருக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

அடுத்து நகை விஷயம். கல்யாணத்தில் போட்ட நகையும் சீரும் உங்களுடைய சொத்து. அதைக் கொடுத்ததால் அப்பா சொத்தில் உங்கள் பங்கு போய்விடாது, குறையவும் செய்யாது. யாழ்ப்பாணத்தில் தேசவழமை என்று ஒரு சட்டம் உண்டு. 1707-ல் டச்சுக்காரர்கள் எழுத்தில் தொகுத்தது. அந்தப் பழைய வழமையில், சீதனம் வாங்கிப் போன மகளுக்குப் பெற்றோர் சொத்தில் மேற்கொண்டு பங்கில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் பேசுவதும் கிட்டத்தட்ட அதே தர்க்கம்தான். ஆனால் தமிழ்நாட்டில் அது சட்டம் இல்லை. அண்ணன் தனக்கு வந்த வீட்டைக் கழிக்க மாட்டேன் என்று சொல்லும் அதே விதிப்படி, உங்கள் நகையையும் யாரும் கழிக்க முடியாது. இதை அவரிடம் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள், புரியும்.

கல்யாண நேரத்தில் 'இனி பங்கு கேட்க மாட்டேன்' என்று உங்களிடமோ தங்கையிடமோ எழுதி வாங்கியிருந்தாலும் அதற்குப் பெரும்பாலும் மதிப்பில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் தேடிய சொத்தில் பிள்ளைக்கு இருப்பது வெறும் எதிர்பார்ப்பு, அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அதற்கென்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை மாறக்கூடும். அப்படி ஏதாவது இருந்தால் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். ஆனால் அதற்குத் தேவையான இரண்டு தகவல்களை நீங்கள் எழுதவில்லை. தாத்தா எப்போது இறந்தார்? அந்த நிலம் தாத்தாவுக்கு எப்படி வந்தது?

'தாத்தா சொத்து என்றால் பூர்வீகச் சொத்து' என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். சட்டத்தில் அது அவ்வளவு நேராக இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 17.6.1956. தாத்தா அதற்கு முன்பே இறந்து நிலம் அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் பிள்ளைகளைப் பொறுத்தவரை பூர்வீகச் சொத்து. தாத்தா 1956-க்குப் பிறகு இறந்திருந்தாலும், அந்த நிலம் அவருக்கே அவருடைய அப்பா வழியில் அப்போதே பூர்வீகமாக வந்திருந்தால், அதுவும் பூர்வீகம்தான். ஆனால் தாத்தா தானே சம்பாதித்து வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால், அது அப்பாவின் கையில் தனிச்சொத்தாக வந்து சேர்கிறது. உச்ச நீதிமன்றம் 1986-ல் சந்தர் சென் வழக்கில் இப்படித்தான் முடிவு செய்தது.

இந்தக் கடைசி நிலைமையில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அப்பாவுக்குக் கூடப் பிறந்த அக்கா, தங்கை இருந்தால் அவர்களும் தாத்தாவுக்கு முதல் வகுப்பு வாரிசுகள். உங்கள் அத்தைமார் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் 4 ஏக்கரும் அப்பாவுடையது என்று சொல்ல முடியாது. தன் பங்குக்கு மேல் அவர் யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கவும் முடியாது. பட்டா அப்பா பெயரில் இருந்தது என்பது மட்டும் போதாது, பட்டாவை வைத்து உரிமை முடிவாவதில்லை.

நிலம் பூர்வீகச் சொத்து என்று வைத்துக்கொள்வோம். 9.9.2005-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர். 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. '1989-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கில்லை' என்று ஊரில் இன்னமும் சொல்வார்கள். அது 1989-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தத்தில் இருந்த நிபந்தனை. 2005-க்குப் பிறகு கல்யாணத் தேதி பிரச்சினையே இல்லை. உங்கள் 1988 உங்களுக்குத் தடையாகாது. 20.12.2004-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினை நடந்திருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது. அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தது 2016-ல்தானே, அதனால் அந்தக் கவலையும் இல்லை.

அப்படியென்றால் அப்பா, அண்ணன், நீங்கள், தங்கை ஆகிய நாலு பேருக்கும் ஆளுக்கு 1 ஏக்கர். அம்மாவுக்கு இந்தக் கட்டத்தில் பங்கு வராது, தென்னிந்திய வழக்கம் அப்படி. அப்பா இறந்ததும் அவருடைய 1 ஏக்கர் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 25 சென்ட்டாகப் பிரியும். ஆக உங்களுக்கு 1 ஏக்கர் 25 சென்ட், தங்கைக்கும் அண்ணனுக்கும் அதேபோல், அம்மாவுக்கு 25 சென்ட்.

2016 பத்திரம் என்ன ஆகும்? கூட்டுச் சொத்தில் பிரிக்காமல் கிடக்கும் பங்கை, மற்றப் பங்குதாரர்கள் சம்மதம் இல்லாமல் தானமாகக் கொடுத்தால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1987-ல் சொல்லியிருக்கிறது. செட்டில்மென்ட் பத்திரங்களில் எல்லாம் 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். குடும்பத் தலைவர் பூர்வீக நிலத்தை அப்படி அன்பின் பேரில் எடுத்துக் கொடுக்க முடியாது, அது தர்ம காரியம் ஆகாது என்று 2022-லும் ஒரு கர்நாடக வழக்கில் தீர்ப்பு வந்தது. மகள் கல்யாணத்துக்காகக் கூட்டுக் குடும்ப நிலத்தில் ஒரு சிறு பகுதியைக் கொடுப்பதைப் பழைய சட்டமே அனுமதித்தது. ஒரு மகனுக்கு மட்டும் பாதி நிலத்தைக் கொடுப்பது அந்தக் கணக்கில் வராது.

இதை எதிர்த்து வழக்குப் போட, நிலத்தை அண்ணன் அனுபவத்தில் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து 12 வருஷம் காலக்கெடு உண்டு. 2016-லேயே எடுத்தார் என்றால் 2028 வரை. கடைசி வரை காத்திருக்காதீர்கள். வழக்குப் போனால் நீதிமன்றம் பெரும்பாலும் அண்ணன் அனுபவத்தில் இருக்கும் 2 ஏக்கரிலேயே அவருடைய 1 ஏக்கர் 25 சென்ட்டை ஒதுக்கி, மேற்கொண்டு இருக்கும் 75 சென்ட்டை மற்றவர்களுக்குத் திருப்பும். பாருங்கள், வீட்டில் கிடைக்காத அந்தக் கழிவு இங்கே கிடைக்கிறது.

நிலம் முழுக்க அப்பாவின் தனிச்சொத்து என்று தெரியவந்தால் 2 ஏக்கர் போனது போனதுதான். மிச்ச 2 ஏக்கரில் ஆளுக்கு 50 சென்ட். 50 சென்ட்டா, 125 சென்ட்டா என்பதைத் தாத்தா இறந்த தேதியும் தாய்ப்பத்திரமும்தான் முடிவு செய்யப் போகின்றன. அதனால் அண்ணனோடு வாக்குவாதம் செய்வதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். 2011, 2016 பத்திரங்கள் இரண்டுக்கும் சான்றிட்ட நகல், எவ்வளவு பின்னோக்கிக் கிடைக்குமோ அவ்வளவு காலத்துக்கு வில்லங்கச் சான்று, தாத்தாவின் இறப்புச் சான்று, அப்பாவும் சித்தப்பா பெரியப்பாக்களும் பாகம் பிரித்திருந்தால் அந்தப் பத்திரம், இவ்வளவும் வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் வரி வரியாகப் படியுங்கள். சொத்து எப்படி வந்தது என்று அப்பா என்ன எழுதியிருக்கிறார்? 'பூர்வீகமாய்ப் பாத்தியப்பட்ட' என்று அவரே எழுதியிருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம். இரண்டு சாட்சிகள் கையெழுத்து இருக்கிறதா? 'என் காலத்துக்குப் பிறகு' சொத்து சேரும் என்று இருக்கிறதா, அல்லது அன்றைக்கே உரிமை மாறிவிட்டதாக இருக்கிறதா? முதல் மாதிரி இருந்தால் அதை உயிலாகப் பார்க்க வாய்ப்புண்டு. ஆனால் ஆயுள் வரை தான் அனுபவித்துக்கொள்வதாக அப்பா எழுதி வைத்தார் என்பதற்காக மட்டும் செட்டில்மென்ட் செல்லாமல் போகாது. தங்கைகளுக்கு இவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்று ஏதாவது பொறுப்பு அதில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில அப்பாக்கள் அப்படி எழுதுவார்கள், பிள்ளைகள் யாருமே அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

பக்கவாதத்தில் இருந்தவரிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்பது தனிக் காரணம். மிரட்டல், ஏமாற்று, நெருக்கடி என்று சொல்லி ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்குக் கெடு, விஷயம் தெரிந்ததிலிருந்து 3 வருஷம். உங்களுக்கு அப்பா போன பிறகு தெரிந்தது என்பதால் காலம் இருக்கிறது. ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் விழுந்தாலும் புத்தி தெளிவாக இருப்பதுண்டு. மருத்துவமனைக் குறிப்புகளைப் பார்க்காமல் இந்தக் குற்றச்சாட்டை வாயில் எடுக்காதீர்கள். கூடப் பிறந்தவரை 'ஏமாற்றி வாங்கினாய்' என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அதன் பிறகு சமரசம் என்பது மிகவும் கஷ்டம். நிலம் பூர்வீகம் என்று நிறுவிவிட்டால் இந்த வாதமே தேவைப்படாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சட்டம் வீட்டைக் கழிக்காது என்றாலும், வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து கழித்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. குடும்ப ஏற்பாடு என்று நீதிமன்றங்கள் இதற்கு நல்ல மதிப்புக் கொடுக்கின்றன. உங்கள் கணக்கையே போடுவோம். வீட்டையும் சேர்த்தால் 60, 54, 18 என்று மொத்தம் 132 லட்சம், ஆளுக்கு 33 லட்சம். அண்ணன் 60 லட்சம் வாங்கிவிட்டதால் மனையிலும் பணத்திலும் அவர் விட்டுக்கொடுக்கிறார் என்றால், 72 லட்சத்தை அம்மா, நீங்கள், தங்கை மூவரும் ஆளுக்கு 24 லட்சமாக எடுத்துக்கொள்ளலாம். சட்டப்படி வருவதற்கும் இதற்கும் உங்கள் பங்கில் வித்தியாசம் 6 லட்சம். இந்த 6 லட்சத்தைத்தான் அண்ணனிடம் கேட்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. நிலத்தில் உங்களுக்கு இருக்கும் உரிமையைப் பார்த்த பிறகு அவர் இதற்கு இறங்கி வர வாய்ப்பு இருக்கிறது.

அப்படிப் பேசும்போது வீட்டின் மதிப்பை எப்படி எடுப்பது என்று தகராறு வரும். 2011 மதிப்பா, இன்றைய மதிப்பா? என் கருத்து இன்றைய மதிப்பு. ஆனால் அண்ணன் தன் காசில் மாடி எடுத்திருந்தாலோ, பெரிய மராமத்து செய்திருந்தாலோ அதைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். 2016-லிருந்து படுத்திருந்த அப்பாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். அண்ணனும் அண்ணியும்தான் என்றால், அத்தனை வருஷப் பராமரிப்புக்குப் பத்திரத்தில் இடம் இல்லாவிட்டாலும் உங்கள் பேச்சில் இடம் இருக்க வேண்டும். ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த பெற்றோரில் பலர், கடைசிக் காலத்தில் யார் வீட்டில் இருக்கப் போகிறோம் என்பதை யோசித்தே கொடுத்திருக்கிறார்கள்.

பேசி முடிந்தால் வெள்ளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு திருப்தி அடையாதீர்கள். பாகப்பிரிவினைப் பத்திரமாகவோ விடுதலைப் பத்திரமாகவோ பதிவு செய்துவிடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் பெரிய சலுகை இருக்கிறது. அதேபோல, வாரிசு சான்று வாங்கவும் வங்கியில் கொடுக்கவும் என்று சொல்லி உங்களிடம் கையெழுத்துக் கேட்டால், அது உண்மையில் என்ன பத்திரம் என்று படித்துவிட்டுப் போடுங்கள். பத்திரத்தின் தலைப்பில் 'விடுதலை' என்று இருந்தால், ஒருமுறை கையெழுத்தாகிப் பதிவான பின் திரும்பி வருவது மிகக் கடினம்.

பேச்சு முறிந்தால் நிலம், மனை, வங்கிப் பணம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பாகப்பிரிவினை வழக்காகப் போடுங்கள். வழக்கு நடக்கும்போதே அண்ணன் விற்றுவிடாமல் இடைக்காலத் தடை கேளுங்கள். நீதிமன்றமே உங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பும், அதற்குச் சங்கடப்படாமல் போங்கள். நான் பார்த்த வரையில் உடன்பிறப்புகளின் வழக்குகள் அங்கே முடிவது நல்லது.

கடைசியாக அம்மா. உங்கள் கடிதத்தில் அவர் 79 வயதானவர் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. மனையிலும் பணத்திலும் நாலில் ஒரு பங்கு அவருடையது, நிலத்திலும் பங்கு உண்டு. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய அவருக்கு மட்டுமே உரிமை. இரண்டு தரப்பிலும் யாராவது அவரிடம் கையெழுத்து வாங்க ஓடுவார்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அவரே யாருக்காவது எழுதிக் கொடுக்க விரும்பினால், தன்னைக் கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், அப்படிப் பார்த்துக்கொள்ளாத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பக் கேட்டு அவர் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் அது ஒவ்வொரு வழக்கிலும் இழுபறியாகிவிடுகிறது. அவருக்கு உயில் எழுத விருப்பம் இருந்தால், யாருக்கு ஏன் கூடக் குறையக் கொடுக்கிறார் என்பதையும் அதில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அப்பாவின் 2011 பத்திரத்தில் அந்த இரண்டு வரி இருந்திருந்தால், நீங்களும் அண்ணனும் இன்றைக்கு அவர் மனதில் என்ன இருந்தது என்று ஊகித்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தாத்தாவின் இறப்புத் தேதி தெரிந்ததும், பத்திர நகல்களோடு உங்கள் ஊரில் உரிமையியல் வழக்குப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். முடிந்தால் தங்கையையும் கூட அழைத்துப் போங்கள்.